கக்கத்தில் ஒரு சாக்கு

தமிழில் சாக்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, அரிசி கட்டுவது. இன்னொன்று, வேலையிலிருந்து தப்பிக்கச் சொல்வது. முதல் வகையில் ஒன்று எப்போதும் என் கக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது வகைதான் பதினோரு வருஷமாகத் தேடியும் அகப்படவில்லை.

நான் இருப்பது பெர்த்தில். "அங்கே வெயில் எப்படி?" என்று கேட்காத உறவினர் இல்லை. அது ஆஸ்திரேலியா பெர்த். அந்த ஊர் பெயரைக் கடன் வாங்கியது எங்கள் ஊரிடமிருந்துதான். இது ஸ்காட்லாந்து பெர்த். டே ஆற்றங்கரை. வெயில் விசாரிக்கும் அளவுக்கு வருவதில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் பேக்பைப்பும் ஃபிடிலும் வாசிக்கிறேன். மிச்ச நேரம் என்று ஒன்று இருந்ததாக ஞாபகம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடிக்கும்.

"நாளைக்கு எங்க சங்கத்துல ஒரு விசேஷம். பைப் வாசிக்க வர முடியுமா?"

"அடடா, சீவாளி உடைஞ்சு போச்சுங்களே."

"அதனாலென்ன, ஃபிடில் கொண்டு வாங்க."

அடுத்த வாரம் வேறு ஒருவர் ஃபிடில் கேட்பார். தந்தி அறுந்துவிட்டது என்பேன். "பரவாயில்ல, பைப் இருக்குல்ல?" என்பார். ஒரு வாத்தியம் வாசிக்கிறவனுக்கு அது கெட்டுப்போகும் நாளிலாவது விடுதலை உண்டு. இரண்டு வாத்தியக்காரனுக்கு அது ஆயுள் தண்டனை.

தொழில்முறைக் கலைஞரிடம் ஒரு தொகை இருக்கும். அதைச் சொன்னதும் கேட்கிறவர் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனைதான் கலைஞருக்கு வேலி. என் தொகை சைபர். சைபரைக் கேட்டு யாரும் யோசிப்பதில்லை. பதிலுக்கு ஷார்ட்பிரெட் பிஸ்கெட் டப்பா தருவார்கள். எங்கள் சமையலறையில் துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, மிளகு, வெந்தயம் எல்லாமே கட்டம் போட்ட டார்டன் டப்பாக்களில்தான் குடியிருக்கின்றன. பெருங்காயத்துக்கு மட்டும் சின்ன டப்பா அமையவில்லை. "சின்னக் கல்யாணமா ஒண்ணு ஒத்துக்கோங்களேன்" என்கிறாள் மனைவி.

இது தொடங்கிய கதையைச் சொல்கிறேன். வந்த புதிதில் ஒரு நாள் ஆற்றங்கரையில் பைப் பேண்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. குளிராக இருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்தேன். வாத்தியார் எங்கள் பேண்டின் பைப் மேஜர். எழுபதைத் தாண்டியவர். எனக்கு நாற்பத்தெட்டு ஆகியும் என்னைத் தம்பி என்ற பொருளில்தான் கூப்பிடுவார்.

முதல் வருஷம் பையே கண்ணில் காட்ட மாட்டார்கள். பிராக்டிஸ் சான்டர் என்று ஒரு குழல். அதைத்தான் ஊத வேண்டும். அடைத்துக்கொண்ட மூக்கோடு வாத்து அழுவது மாதிரி ஒரு சத்தம் வரும். மொத்தம் ஒன்பதே சுரம். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுபத்திரண்டு மேளகர்த்தா இருக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்கு ஒன்பது சுரம் எம்மாத்திரம்?

எம்மாத்திரம் என்பது பிறகு தெரிந்தது. பைப்பில் ஊத ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. பையிலிருந்து காற்று போய்க்கொண்டே இருக்கும். ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டுமானால், நடுவே மின்னல் மாதிரி வேறொரு சுரத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அதற்கு கிரேஸ் நோட் என்று பெயர். அவை கூட்டுக் குடும்பமாக வரும்போது பிர்ல், டார்லுவா, க்ருன்லுவா என்று பெயர் சொல்வார்கள். சித்த மருந்துக் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி இருக்கும். பழைய காலத்தில் இதையெல்லாம் எழுதி வைக்காமல், எழுத்து எழுத்தாக வாயால் பாடியே சொல்லிக்கொடுத்தார்கள். நம் ஜதி மாதிரி. அதற்கு கான்டரக் என்று பெயர். எங்கள் பைப் மேஜர் இன்றும் சில இடங்களைப் பாடித்தான் காட்டுவார். நான் பஸ்ஸில் அதை முணுமுணுத்துக்கொண்டு குடையின் கைப்பிடியில் விரலை ஓட்டுவேன். பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

ஒரு வழியாகப் பை கைக்கு வந்தது. தோளில் சாய்கிற மூன்று குழல்களும் நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நம்மூரில் ஒத்து ஊத ஒரு தனி ஆள் உண்டு, அவருக்குத் தனிச் சம்பளம் உண்டு. இங்கே நாதஸ்வரக்காரரும் நான்தான், ஒத்துக்காரரும் நான்தான். சம்பளம் இரண்டு பேருக்கும் இல்லை.

கும்பகோணத்திலிருக்கும் அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன்.

"ஏண்டா, கக்கத்துல என்னடா இடுக்கிண்டிருக்கே? ஆட்டுக்குட்டியா?"

"இல்லம்மா, பை. அந்தக் காலத்துல ஆட்டுத்தோல்ல பண்ணுவா. இப்ப மழைக்கோட்டுத் துணி."

"இடுப்புல என்னது, பாவாடையா?"

அது கில்ட் என்றேன். எட்டு கெஜம் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நான் ஒம்பது கெஜம் கட்டிண்டிருக்கேன். என்கிட்டயே எட்டு கெஜத்தப் பத்திச் சொல்றியா?" என்றாள். கில்ட்டுக்கு உள்ளே என்ன என்று ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார். வாயில் குழல் இருப்பதால் பதில் சொல்லாமல் தப்பிக்கலாம். பைப்பருக்கு இயற்கை தந்த ஒரே சலுகை அது.

பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர். ஒரு தடவை மட்டும் வந்து, 1746ஆம் வருஷத்து வழக்கு ஒன்று எனக்குத் தெரியுமா என்று விசாரித்தார். ஜேம்ஸ் ரீட் என்ற பைப்பர், கலகக்காரர்களோடு போனதற்காகப் பிடிபட்டு, யார்க் நகரில் விசாரிக்கப்பட்டார். தான் கத்தி எடுக்கவில்லை, பைப்தான் வாசித்தேன் என்று சொல்லிப் பார்த்தார். பைப்பும் போர்க்கருவியே என்று சொல்லித் தூக்கில் போட்டுவிட்டார்கள். கதையைச் சொல்லி முடித்த பக்கத்து வீட்டுக்காரர், தீர்ப்பு சரியென்றோ தப்பென்றோ ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நானும் என் பங்குக்கு ஒரு சரித்திரம் வைத்திருந்தேன். விக்டோரியா ராணி 1843இல் அரண்மனைக்கென்றே ஒரு பைப்பரை நியமித்தார். தினமும் காலையில் ஜன்னலுக்கு வெளியே அவர் வாசிக்க வேண்டும். அதைச் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

ஃபிடில் கதை வேறு. அது எனக்கு ஊரிலேயே பழக்கம். பத்து வயதில் பாயில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, சரளி வரிசை வாசித்தவன். இங்கே அப்படித் தரையில் உட்கார்ந்ததும், எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்து ஒரு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தாடையில் இடுக்கி, முதலிலிருந்து கற்றேன். கமகத்தை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒரு நடை உண்டு. குட்டைச் சுரமும் நெட்டைச் சுரமும் நொண்டி நொண்டி வரும். அதை நான் முதல் தடவை வாசித்தபோது கல்யாணியின் சாயல் அடித்தது. "அழகாத்தான் இருக்கு. ஆனா ஆட முடியாது" என்றார்கள்.

பைப்பும் ஃபிடிலும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒன்றாக வாசிக்க முடியாது. ஃபிடிலில் ஏ என்ற சுரம் 440 அதிர்வில் நிற்கும். பைப்பிலும் அதன் பெயர் ஏ தான். ஆனால் அது 480க்குப் பக்கத்தில் நிற்கும். பெயர் ஒன்று, ஆள் வேறு. ஃபிடிலை முறுக்கி மேலே ஏற்றினால் தந்தி அறும். பைப்பைக் கீழே இறக்கவோ, அது சொன்னபடி கேட்கிற பிராணி அல்ல. ஒருத்தரை ஒருத்தர் ஏறிட்டுப் பார்க்காத இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே கல்யாணத்தை நடத்துகிற தரகர் மாதிரி காலம் தள்ளுகிறேன்.

இனி என் வருஷத்தைப் பாருங்கள்.

ஜனவரி 25 கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள். அன்று ஹாகிஸ் என்ற பண்டத்துக்கு ஊர்வலம் எடுப்பார்கள். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் இவற்றோடு ஓட்ஸ் சேர்த்துக் கட்டி வேகவைத்த உருண்டை அது. முன்னால் பைப்பர், பின்னால் தட்டை ஏந்திய சமையல்காரர். எல்லோரும் எழுந்து நின்று தாளம் போடுவார்கள். தட்டு மேஜைக்கு வந்ததும் பர்ன்ஸ் அதைப் புகழ்ந்து எழுதிய கவிதையை ஒருவர் முழங்கிக் கத்தியால் குத்துவார். கோயில் உற்சவத்தில் சுவாமிக்கு முன்னால் நாதஸ்வரம் போகுமே, அதே மரியாதை. சுவாமியை வெட்டிச் சாப்பிடுவார்கள் என்பதுதான் வித்தியாசம். நான் சைவம். இதுவரை முப்பது நாற்பது ஹாகிஸுக்கு முன்னால் நடந்திருக்கிறேன், ஒன்றையும் தொட்டதில்லை. எனக்கென்று தனியாகச் சைவ ஹாகிஸ் வரும். பருப்பும் ஓட்ஸும் மிளகும் போட்டது. கண்ணை மூடிக்கொண்டால் ஆறிப்போன அடை. எல்லாச் சங்கங்களும் ஒரே இரவில் கொண்டாட முடியாதல்லவா? அதனால் பர்ன்ஸ் எங்களுக்கு மூன்று வாரம் பிறந்துகொண்டே இருக்கிறார்.

மே மாதம் கல்யாணங்கள் தொடங்கும். மணமக்களுக்கு ஏரி வேண்டும், மலை வேண்டும், பைப்பர் வேண்டும். சென்ற வருஷம் கிளென்கோவில் ஒரு கல்யாணம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போனேன். காற்றே இல்லாத, மூட்டம் போட்ட சாயங்காலம். மணப்பெண் காரிலிருந்து இறங்கினாள். நான் ஊத ஆரம்பித்தேன். அப்போதுதான் மிட்ஜ் வந்தது.

மிட்ஜ் என்பது கடுகில் பாதி இருக்கும் ஒரு பூச்சி. தனியாக வராது, மேகமாக வரும். கொசுவாவது காதருகில் பாடி அனுமதி கேட்கும். இதற்கு அந்தப் பண்பு கிடையாது. பைப் வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் குழலில், இடது முழங்கை பையில், வாய் ஊதுகுழலில். நெற்றியில் ஒரு படை இறங்கியது. புருவத்துக்கு வந்தது. கண்ணை மூடினேன், காதுக்குப் போனது. கில்ட்டுக்குக் கீழே முழங்கால் திறந்து கிடந்தது, அங்கே பந்தி நடந்தது. ஊதுவதற்காக மூக்கால் மூச்சை இழுத்தேன், இருபது முப்பது பேர் உள்ளே போனார்கள். என் சைவம் அன்றோடு போயிற்று. மணப்பெண் என்னைத் தாண்டி நடக்கும்போது என் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்தாள். பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அழுததப் பார்த்து எங்கப்பாவும் அழுதுட்டார்" என்றாள். இரண்டு டப்பா ஷார்ட்பிரெட் கிடைத்தது.

1944 ஜூன் 6ஆம் தேதி, நார்மண்டிக் கடற்கரையில் குண்டு பறக்கும்போது பில் மில்லின் என்ற பைப்பர் நடந்துகொண்டே வாசித்தார். பைத்தியம் என்று நினைத்து ஜெர்மானியர்கள் சுடாமல் விட்டார்களாம். ஜெர்மானியர் விட்டார்கள். மிட்ஜ் விட்டிருக்காது.

கோடையில் இன்னொன்று, பேண்டுப் போட்டி. கிரேடு 1 என்பது உச்சி. நாங்கள் 4பி. அதற்குக் கீழே புல்தரைதான். ஆகஸ்ட் மாதம் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலகப் போட்டி. விடியற்காலை பஸ் ஏறி, மழையில் நின்று, மூன்று மணி நேரம் சுருதி சேர்ப்போம். பிறகு வட்டமாக நின்று வாசிப்பது மூன்று நான்கு நிமிஷம். டிரம் இரண்டு தடவை உருளும். ஒத்துகள் ஒரே சமயத்தில் எழ வேண்டும். சான்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் பேச வேண்டும். ஒரு வருஷம் என் சான்டர் அரை நொடி முன்னால் பேசிவிட்டது. வாலை மிதித்த பூனை மாதிரி ஒற்றைக் குரல். சுற்றி வந்த நடுவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், தாளைத் திருப்பியும் எழுதினார். திரும்பும்போது பஸ்ஸில் பைப் மேஜர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, உனக்கு ஃபிடில் நல்லா வருது" என்றார்.

நவம்பரில் போர் நினைவு நாள், விரல் விறைக்கும். அதே மாதம் 30ஆம் தேதி புனித ஆண்ட்ரூ. டிசம்பர் கடைசி இரவு ஹாக்மனே. நடுவே நடுவே இறுதிச் சடங்குகள். அதற்கு மட்டும் நான் சாக்குத் தேடுவதில்லை.

ஃபிடிலுக்கு வேலை கேலிகளில். Ceilidh என்று எழுதுவதை இவர்கள் உச்சரிப்பது அச்சாக நம் கேலிதான். "சனிக்கிழமை கேலிக்கு வாங்க" என்று முதலில் ஒருவர் கூப்பிட்டபோது, வாரநாட்களில் செய்வது போதாதா என்று நினைத்தேன். அது ஆட்டமும் பாட்டுமான கூட்டம். அக்கார்டியன் ஒன்று, டிரம் ஒன்று, ஃபிடிலுக்கு நான். கே கார்டன்ஸ், டாஷிங் ஒயிட் சார்ஜென்ட், ஸ்ட்ரிப் த வில்லோ என்று ஆட்டத்துக்கு ஆட்டம் பெயர் உண்டு. எங்களூருக்கு வடக்கே டன்கெல்ட் பக்கம் வாழ்ந்த நீல் கவ் (1727–1807) என்பவர்தான் இந்த ஃபிடில் உலகத்துக்கு மும்மூர்த்திகளில் ஒருவர் மாதிரி. விருந்தில் வாசித்துவிட்டுத் தள்ளாடித் திரும்பியவரிடம் வழி ரொம்ப நீளமோ என்று கேட்டார்களாம். நீளம் தொல்லையில்லை, அகலம்தான் தொல்லை என்றாராம். நான் குடிப்பதில்லை. ஆனால் இரவு ஒரு மணிக்கு இரண்டு பெட்டிகளைச் சுமந்து காரைத் தேடும்போது அகலத்தின் அருமை எனக்கும் தெரியும்.

கேலிகளில் எனக்கு ஒரு ரசிகை உண்டு. எண்பது வயதுப் பாட்டி. எங்கே வாசித்தாலும் வந்துவிடுவார். நான் ஜிக் என்ற ஆட்ட மெட்டை வாசிக்க ஆரம்பித்தால் ஆடிக்கொண்டே என்னைப் பார்த்துக் கையை மேலும் கீழும் ஆட்டி என்னவோ கூவுவார். மேடைச் சத்தத்தில் காதில் விழாது. நான் உச்சி குளிர்ந்து, தலையசைத்து, இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டுவேன். அவர் இன்னும் பலமாகக் கூவுவார். நானும் விடமாட்டேன். கலைஞனுக்கு வேறென்ன வேண்டும்?

போன மார்ச்சில் அந்த அதிசயம் நடந்தது. புதன்கிழமை பைப்பின் பை தையலோடு பிரிந்தது. சாக்கு கிழிந்தது என்றால் சரியாக இருக்கும். வியாழக்கிழமை ஃபிடிலின் குதிரை சரிந்து, உள்ளே முட்டுக் கொடுத்து நிற்கும் குச்சியும் விழுந்து உருண்டது. பெட்டியை ஆட்டினால் கடகடவென்று சத்தம் வந்தது. அதைவிட இனிய நாதத்தை நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை போன் வந்ததும் இரண்டையும் சொன்னேன். இரண்டும் நிஜம்.

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தார்கள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"அப்ப சும்மா வாங்க. ஆட ஆள் குறையுது."

ஆட்டத்துக்கு மட்டும் என்னிடம் சாக்கே இல்லை. போனேன். என் இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண். மூன்று வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்தே பழகியவள். அவள் உட்காரும் விதமும் வில்லைப் பிடிக்கும் விதமும் அப்படியே நான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். ஸ்ட்ரிப் த வில்லோ. இரண்டு வரிசையாக நிற்க வேண்டும். ஜோடியைச் சுற்றி, அடுத்த ஆளைச் சுற்றி, மறுபடி ஜோடியைச் சுற்றி, வரிசையின் கோடி வரை போக வேண்டும்.

பெண் ஜிக்கைத் தொடங்கினாள். அதே பாட்டு, என் வேகம்.

இத்தனை வருஷமாக வாசித்த அந்தப் பாட்டுக்கு நான் ஒரு தடவைகூட ஆடியதில்லை என்பது எனக்கு இரண்டாவது சுற்றில் உறைத்தது. மூன்றாவது சுற்றில் கண்ணாடி பறந்தது. நான்காவதில் யாரோ ஒரு தபால்காரரைப் பாட்டி என்று நினைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். கூரை சுற்றியது. பாட்டி என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்த்துக் கையை மேலும் கீழும் ஆட்டிக் கூவினார். காதுக்குப் பக்கத்தில் இருந்ததால் இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

"மெதுவா! அடப் பாவி, மெதுவா!"

நானும் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, கையை மேலும் கீழும் ஆட்டி, "மெதுவா!" என்று கத்தினேன்.

மேடையிலிருந்த பெண் என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அடக்கமாகத் தலையசைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினாள்.